மறுப்பவர்க்கும் கடமை உண்டு

ஒருவன் கேட்கிறான்; மற்றவன் இல்லை என்கிறான். கேட்டது உரிமையானால், மறுத்தவன் காரணம் கூறக் கடமைப்பட்டவன் என்பதில் தகராறு கிடையாது. கேட்டது சலுகையானால்? கொடுப்பவன் மனம் வைத்தால் கொடுப்பான், மனமில்லாவிட்டால் கையை விரிப்பான். அவனிடம் காரணம் கேட்க நீ யார் என்று உலகம் நம்மையே திருப்பிக் கேட்கிறது. இது தத்துவப் பாட வகுப்பறைக்கு மட்டும் உரிய கேள்வியன்று. அட்டனிலும் நுவரெலியாவிலும் தேயிலைச் செடிகளுக்கிடையே வாழும் மக்களுக்கு இது தலைமுறை தலைமுறையாகத் தொடர்ந்துவரும் கேள்வி.

என்னிடம் உயர்தர வகுப்பில் படித்த மாணவி ஒருத்திக்குக் கடல் கடந்த நாடொன்றின் பல்கலைக்கழகம் இடம் கொடுத்தது. கட்டணத்தில் பெரும்பகுதியைத் தள்ளியும் கொடுத்தது. மாணவர் வீசா கொடுக்கவேண்டிய காரியாலயம் மறுத்துவிட்டது. கடிதத்தைக் கொண்டுவந்து காட்டினாள். ஒரே பக்கம், பெயரையும் திகதியையும் தவிர மற்றவை எல்லோருக்குமாக அச்சடித்து வைத்த வாசகம். படிப்பு முடிந்ததும் அவள் தன் நாட்டுக்குத் திரும்புவாள் என்று நம்புவதற்குப் போதிய பிணைப்புகள் காட்டப்படவில்லையாம். கட்டிய பணம் திருப்பித் தரப்படமாட்டாதாம்.

அவளுடைய பாட்டி லயத்துக் காம்பிராவின் மூலையிலிருந்து ஒரு தகரப் பெட்டியை இழுத்துத் திறந்து வேறொரு கடிதத்தை எடுத்தாள். மடிப்புகளில் கிழிந்து, துணிபோல் ஆகிவிட்ட காகிதம். ஐம்பதுகளில் மாணவியின் பூட்டனாருக்கு வந்தது. அவர் இலங்கைப் பிரசாவுரிமை கேட்டு விண்ணப்பித்திருந்தார். மனைவி இந்நாட்டில் தொடர்ச்சியாக வசித்ததற்குப் போதிய சான்று இல்லை என்று அதில் எழுதியிருந்தது. ஆங்கிலத்தில் எழுதியிருந்தபடியால் அதன் பொருள் அந்த வீட்டில் யாருக்கும் சரியாகத் தெரிந்திருக்கவில்லை. 'அது என்னமோ சர்க்கார் கடுதாசி, சாமி படத்துக்குப் பக்கத்தில் இருக்கட்டும்' என்று வைத்திருந்தார்களாம்.

இரண்டு கடிதங்களையும் அருகருகே வைத்துப் பார்த்தேன். முதலாவது, நீ இங்கே இருந்தவன் என்பதற்குச் சான்று இல்லை என்கிறது. இரண்டாவது, நீ இங்கே திரும்பி வருவாய் என்பதற்குச் சான்று இல்லை என்கிறது. அன்று இருப்பேன் என்று நிரூபிக்கவேண்டியிருந்தது. இன்று திரும்புவேன் என்று நிரூபிக்கவேண்டியிருக்கிறது. இரண்டுக்கும் கேட்கப்படும் சான்று ஏறக்குறைய ஒன்றுதான்: காணி உறுதி, வீட்டு விலாசம், வங்கிக் கணக்கு, பதிவுப் பத்திரம்.

மலையக வரலாற்றையே காகிதங்களின் வரலாறாக எழுதிவிடலாம் என்று எனக்குத் தோன்றுவதுண்டு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மண்டபம் முகாம் வழியாக வந்தவன் கழுத்தில் எண் பொறித்த தகரச் சீட்டுத் தொங்கியது. தோட்டத்துக்கு வந்து சேர்ந்தபின் 'துண்டு' வந்தது. கங்காணிக்கும் தோட்டத்துக்கும் அவன் பட்ட கடன் எவ்வளவு என்று எழுதிய அந்தத் துண்டு இல்லாமல் வேறு தோட்டத்தில் அவனைச் சேர்த்துக்கொள்ளமாட்டார்கள். 1921இல் அது ஒழிந்தது. பிறகு பற்றுச்சீட்டு. பிறகு பிரசாவுரிமை விண்ணப்பம். இந்தக் காகிதங்கள் அனைத்திலும் ஒரு பொதுத்தன்மையைக் காணலாம். அவனைப் பற்றிய செய்தி அவற்றில் இருக்கும், எழுதியவன் அவனல்லன். துரையின் காரியாலயத்தில், செக்ரோல் புத்தகத்தில், கணக்கப்பிள்ளையின் கையெழுத்தில் அவனுடைய வாழ்க்கை இருந்தது. புத்தகத்தைக் கரையான் அரித்தால் அவன் வாழ்ந்த பத்து வருடமும் அரிபட்டுப் போயிற்று.

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் அவ்வருடம் நவம்பர் 15ஆம் திகதி நடைமுறைக்கு வந்தது. வம்சாவளியால் பிரசையாவதற்குத் தந்தை இந்நாட்டில் பிறந்திருக்கவேண்டும், அல்லது பாட்டனும் பூட்டனும் பிறந்திருக்கவேண்டும் என்றது அது. எந்தச் சாதியையும் இனத்தையும் அது பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை. கொழும்புக் கறுவாத்தோட்டத்துச் சீமானும் லிந்துலைத் தோட்டத்துத் தொழிலாளியும் தந்தையின் பிறப்புப் பதிவைக் காட்டச் சம உரிமை பெற்றார்கள்! அடுத்த ஆண்டின் 3ஆம் இலக்கச் சட்டம் இந்திய, பாகிஸ்தானிய வதிவாளருக்கென ஒரு பதிவு முறையை வகுத்தது. மணமானவர் ஏழு ஆண்டும், மணமாகாதவர் பத்து ஆண்டும் இடையறாது இங்கே வசித்ததைக் காட்டவேண்டும். நிரந்தரமாகக் குடியேறியவர் என்றும் காட்டவேண்டும். விண்ணப்பிக்க இரண்டு ஆண்டு அவகாசம். அது 1951 ஆகஸ்டில் முடிந்தது. ஏறத்தாழ எட்டேகால் இலட்சம் பேருக்காக விண்ணப்பங்கள் போயின. ஏறத்தாழ 1,34,000 பேர் பிரசைகளாயினர். ஊரில் சாவு என்று போய் வந்ததும், தாய்க்குப் பணம் அனுப்பியதும், பிரசவத்துக்கு மனைவியை அனுப்பியதும் அவர்களுக்கு எதிரான சான்றுகளாயின. மனிதனுக்கு மனிதன் காட்டும் பாசமே அவன் வேரில்லாதவன் என்பதற்கு அத்தாட்சியாகிவிட்டது.

இந்த இடத்தில் என் வாதத்துக்கே இடைஞ்சலான ஒரு செய்தியை மறைக்காமல் சொல்லவேண்டும். 1949ஆம் ஆண்டுச் சட்டத்தில் காரணம் சொல்லாமல் மறுக்கும் அதிகாரம் ஆணையாளருக்கு இருக்கவில்லை. மறுக்கப்போவதற்கான காரணத்தை அறிவித்து, பதில் கூற அவகாசம் கொடுக்கும் ஏற்பாடு இருந்தது. உயர் நீதிமன்றத்துக்கு மேன்முறையீடும் இருந்தது. காரணமும் மேன்முறையீடும் இருந்தும் இலட்சக்கணக்கானோர் நாடற்றவராயினர். ஆகவே, 'காரணம் சொல்லிவிட்டால் நீதி கிடைத்துவிடும்' என்று எளிதில் எழுதிவிட முடியாது. இதற்குப் பின்னால் மீண்டும் வருவேன்.

இனி நீதிமன்றத்துக்குள் நுழைவோம். ஓர் அதிகாரி செய்த தீர்மானத்தை நீதிமன்றம் மீளாய்வு செய்வது என்றால் என்ன? மேன்முறையீடு வேறு, மீளாய்வு வேறு. தோட்டத்தில் மாலையில் கொழுந்து நிறுப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். கொழுந்து எத்தனை கிலோ என்று திரும்ப நிறுத்துச் சொல்வது மேன்முறையீடு. தராசு சரியாக இருக்கிறதா, தண்ணீருக்கும் கூடைக்கும் என்று கழித்தது விதிப்படி கழித்ததா, நிறுப்பவனுக்கு இவள்மேல் பழைய கோபம் உண்டா என்று பார்ப்பது மீளாய்வு. தராசு பிழையென்றால் நீதிமன்றம் அந்த நிறுவையைத் தள்ளிவிட்டு, 'மறுபடி ஒழுங்காக நிறு' என்று கூறும். தானே நிறுக்காது.

தராசைப் பார்க்கும் இந்த உரிமைகூடச் சலுகை கேட்டவனுக்கு உண்டா என்ற கேள்விக்கு, உலகத்துச் சட்டப் புத்தகங்களிலெல்லாம் இடம்பெற்ற ஒரு பதில் இலங்கையிலிருந்து போன வழக்கில்தான் பிறந்தது. நக்குட அலி என்ற துணி வியாபாரியின் அனுமதிப்பத்திரத்தைத் துணிக் கட்டுப்பாட்டாளர் ஜயரத்ன இரத்துச் செய்தார். வழக்கு இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்றது. 1950இல் தீர்ப்பு வந்தது. கட்டுப்பாட்டாளர் நம்புவதற்கு நியாயமான ஆதாரம் உண்மையிலேயே இருக்கவேண்டும். இருப்பதாக அவர் எண்ணினால் போதாது என்றார்கள். இது நல்லது. ஆனால், அனுமதிப்பத்திரத்தைப் பறிப்பது ஒரு சலுகையைத் திருப்பி எடுப்பதே. அவர் நீதிபதியைப்போல் நடக்கவேண்டியவர் அல்லர். ஆகவே உறுதிகேள் எழுத்தாணை அவர்மேல் செல்லாது என்றும் சொன்னார்கள். ஒரு கையால் கொடுத்ததை மறு கையால் வாங்கிக்கொண்டார்கள். 1963இல் பிரைட்டன் நகரத்துப் பொலிஸ் தலைவர் ரிட்ஜ் என்பவர் பதவி நீக்கப்பட்ட வழக்கில் பிரபுக்கள் சபை அந்தப் போக்கை மாற்றிக்கொண்டது. பழைய தீர்ப்பைக் கண்டித்தும் பேசியது. இலங்கைத் துணி வியாபாரிக்குப் புலப்படாத நீதி இங்கிலாந்துப் பொலிஸ் அதிகாரிக்குப் புலப்பட்டது என்று நான் சொன்னால் அது குதர்க்கமாகலாம். சொல்லிவிட்டேன்.

மாணவர் வழக்குக்கு வருவோம். 1968இல் இங்கிலாந்து அரசாங்கம் சயன்டாலஜி என்ற கூட்டத்தாரின் கல்லூரிக்கு இனி வெளிநாட்டு மாணவர்களை அனுமதிப்பதில்லை என்று தீர்மானித்தது. ஏற்கனவே வந்து படித்துக்கொண்டிருந்த அமெரிக்க மாணவர்கள் தவணை நீடிப்புக் கேட்டபோது மறுக்கப்பட்டது. எங்களை ஒரு வார்த்தை கேட்காமல் மறுத்தது முறையா என்று ஷ்மித் முதலானோர் வழக்காடினர். அந்தக் கூட்டத்தின் கொள்கையில் எனக்கு எள்ளளவும் மதிப்பில்லை, அது வேறு. வழக்கில் மாணவர்கள் தோற்றார்கள். ஆனால் டென்னிங் பிரபு தம் தீர்ப்பில், உரிமை இல்லாவிட்டாலும் 'நியாயமான எதிர்பார்ப்பு' உள்ளவனைக் கேளாமல் ஒதுக்குவது முறையாகாது என்ற கருத்தைச் சொல்லி வைத்தார். கொடுத்த தவணை முடியுமுன் ஒருவனை வெளியேற்றினால் அவன் பேச இடம் கொடுக்கவேண்டும். தவணை முடிந்தவனுக்கு அந்த எதிர்பார்ப்பு இல்லை என்பது அவர் வகுத்த எல்லை. இன்று சட்டக் கல்லூரிகளில் பாடமாக ஓதப்படும் அந்தச் சொற்றொடர் மாணவர் அனுமதி மறுப்பு ஒன்றில், அதுவும் மாணவர் தோற்ற வழக்கில், பிறந்தது என்பதை நம் மாணவர்கள் அறிந்துகொள்வது நல்லது.

நியாயமான எதிர்பார்ப்பு என்ற எண்ணத்தில் ஒழுக்கவியலுக்கு உரிய சத்து இருக்கிறது. 'நாடு என் வீடு. கதவைத் திறப்பதும் மூடுவதும் என் இஷ்டம்' என்பது எதிர்வாதம். இதை நான் இலேசாகத் தள்ளவில்லை. 1948 டிசம்பர் 10ஆம் திகதி வெளியான மனித உரிமைப் பிரகடனத்தின் 13ஆம் உறுப்புரைகூட, எந்த நாட்டையும் விட்டு வெளியேறவும் தன் நாட்டுக்குத் திரும்பவும் மனிதனுக்கு உரிமை உண்டு என்கிறதேயன்றி, பிறர் நாட்டுக்குள் நுழைய உரிமை உண்டு என்று சொல்லவில்லை. (நம் பிரசாவுரிமைச் சட்டத்துக்கும் இந்தப் பிரகடனத்துக்கும் இடையே இருபத்தைந்து நாள்தான்! அதன் 15ஆம் உறுப்புரை ஒவ்வொருவருக்கும் தேசியம் ஒன்று உண்டு என்கிறது. இலங்கை அப்போது ஐக்கிய நாடுகள் சபையில் சேர்ந்திருக்கவில்லை.) வெளியேற வாசல் உண்டு, நுழைய வாசல் இல்லை என்றால் மனிதன் நடுத்தெருவில் நிற்கவேண்டியதுதான். ஆனாலும், அது இன்றைய உலகத்தின் சட்டம் என்று ஏற்றுக்கொண்டே பேசுவோம்.

வீட்டுக்காரன் கதவை மூடி வைத்திருந்தால் அவனோடு நமக்கு வழக்கில்லை. ஆனால் அவன் வாசலில் பலகை தொங்கவிடுகிறான்: இன்ன பரீட்சையில் தேறியவர், இன்ன அளவு பணம் உடையவர், இன்ன பத்திரங்களோடு, இவ்வளவு கட்டணம் செலுத்தி வரலாம். நாம் தேறி, கடன் வாங்கி, பத்திரம் திரட்டி, கட்டணம் செலுத்திப் போய் நிற்கிறோம். இப்போதும் அது அவன் இஷ்டம்தானா? விதியை வகுத்தவன் விதிக்குக் கட்டுப்பட்டவன். கட்டணம் வாங்கியவன் விண்ணப்பத்தைக் கருத்தூன்றிப் படிக்கக் கடமைப்பட்டவன். உள்ளே விடுவது அவனுடைய கடமையாக இல்லாதிருக்கலாம். நேர்மையாகத் தீர்மானிப்பது கடமைதான். மறுப்பு ஒரு செயல். அது இன்னொரு மனிதனின் ஆயுளில் ஓர் ஆண்டை எடுத்துக்கொள்கிறது. எடுப்பவன் ஏன் எடுத்தான் என்று சொல்லவேண்டும். அந்தக் காரணம், கேட்டவன் பதில் சொல்லக்கூடிய காரணமாகவும் இருக்கவேண்டும். 'எமக்குத் திருப்தி ஏற்படவில்லை' என்பதற்கு எவரால் பதில் சொல்ல இயலும்?

நடைமுறை எப்படி இருக்கிறது? அமெரிக்கச் சட்டத்தில் மாணவர் வீசா கேட்பவன் குடியேற வருபவன் என்றே முதலில் அனுமானிக்கப்படுகிறான். அல்லன் என்று காட்டும் பாரம் அவன் தலையில். தூதரக அதிகாரி மறுத்தால் அதை நீதிமன்றம் பொதுவாகத் தொடுவதில்லை என்ற கொள்கையை அங்குள்ள உச்ச நீதிமன்றம் 2024இலும் உறுதிப்படுத்தியது. இங்கிலாந்தில் 2014ஆம் ஆண்டுக் குடிவரவுச் சட்டம் மாணவரின் மேன்முறையீட்டு உரிமையைப் பெரும்பாலும் நீக்கிவிட்டது. அதே திணைக்களம் தன் தீர்மானத்தைத் தானே மறுபடி பார்ப்பதும், அதற்குப் பின் நீதிமுறை மீளாய்வும் எஞ்சி நிற்கின்றன. அதே 2014இல் அங்கே ஆங்கிலப் பரீட்சையில் மோசடி நடந்தது வெளியாயிற்று. பரீட்சை நடத்திய நிறுவனம் 58,458 பரீட்சைகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றேழைச் சந்தேகத்துக்குரியவை என்று பட்டியலிட்டது. மோசடி நடந்தது உண்மை. நூற்றுக்குத் தொண்ணூற்றேழு பேர் கள்ளர் என்பதை எந்த ஆசிரியன் நம்புவான்? பல மாணவரிடம், நாட்டைவிட்டு வெளியேறிய பின்பே மேன்முறையீடு செய்யலாம் என்றார்கள். நேரில் வாய்திறந்து சாட்சி சொல்ல வழியில்லாத மேன்முறையீடு போதுமான பரிகாரம் ஆகாது என்று 2017இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் கூறியது. நீதிமுறை மீளாய்வு என்ற அந்த ஒரு கதவு திறந்திருந்தபடியால்தான் இவ்வளவாவது கிடைத்தது. ஆயினும் அதற்குள் எத்தனை பேருடைய படிப்புப் பாதியில் நின்றிருக்கும்!

நம்மவரிடமும் ஒரு விதை இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 35ஆம் பிரிவு, பகிரங்க அதிகாரசபையின் தீர்மானத்தால் பாதிக்கப்பட்டவர் எழுத்தில் கேட்டால் அலுவலர் காரணம் சொல்லவேண்டும் என்கிறது. பிரதேச செயலகத்தில் காணிக்கோ பிறப்புப் பதிவுக்கோ அலைபவர்கள் இதைக் கையில் எடுக்கலாம். ஆசிரியர்கள் இதை வகுப்பில் சொல்லிக்கொடுத்தால் நன்று. வெளிநாட்டுத் தூதரகத்தின் வாசலை மட்டும் அது எட்டாது.

முன்பு விட்ட இடத்துக்குத் திரும்புகிறேன். காரணமும் மேன்முறையீடும் இருந்தும் 1949ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் ஏன் நீதி கிடைக்கவில்லை? கேகாலை மாவட்டம் ருவன்வெல்லத் தொகுதியில் கோடகன் பிள்ளை என்பவர் தம் பெயரை வாக்காளர் இடாப்பில் சேர்க்கக் கேட்டார். இடாப்பைத் திருத்தும் அதிகாரி, இச்சட்டங்கள் ஒரு சமூகத்துக்குப் பாதகமானவை, அரசியலமைப்பின் 29ஆம் பிரிவுக்கு முரணானவை என்று கருதிச் சேர்க்கும்படி கட்டளையிட்டார். அதை எதிர்த்து எழுத்தாணை கேட்டு நீதிமன்றம் சென்றது அரசாங்கத் தரப்பு. எளியவனைக் காக்கும் கருவி என்று நாம் கருதும் அதே எழுத்தாணை, எளியவனுக்குக் கிடைத்த கட்டளையை அறுக்கப் பயன்பட்டது. 1951இல் உயர் நீதிமன்றமும், 1953இல் பிரிவி கவுன்சிலும் சட்டம் செல்லும் என்றன. இந்தியத் தமிழரின் இடம்பெயரும் வழக்கம், அவர்கள் பிரசைகளாகத் தகுந்தவர்களா என்பதோடு தொடர்புள்ள செய்தியேயன்றி, ஒரு சமூகமாக அவர்களைக் குறிவைப்பதன்று என்பது பிரிவி கவுன்சிலின் நியாயம்.

இடம்பெயரும் வழக்கம்! அழைத்து வந்தவன் யார், துண்டு கொடுத்துத் தோட்டம் விட்டுத் தோட்டம் துரத்தியவன் யார், ஓர் அங்குலக் காணியும் வாங்கவிடாமல் பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பிராவில் வைத்திருந்தவன் யார் என்பவை அந்தத் தராசில் ஏறவில்லை. நீதிமன்றம் தராசைச் சோதித்தது; முள் நேராகத்தான் நின்றது. படிக்கல்லைக் காணி உறுதியாலும் பதிவுப் பத்திரத்தாலும் வார்த்திருந்தார்களே, அதை யாரும் சோதிக்கவில்லை. சான்று கேட்பவன், அந்தச் சான்றை அவனுக்குக் கிடைக்கவொட்டாமல் செய்தவர்களோடு கூட்டுச் சேர்ந்தவனாகிறான். தெரிந்து சேர்ந்தானா, தெரியாமல் சேர்ந்தானா என்பது அவன் மனச்சாட்சிக்கு உரியது; விளைவு ஒன்றுதான்.

இந்த ஒழுக்கக் குற்றத்தை நீதிமுறை மீளாய்வு தனியே களையாது. களைந்துவிடும் என்று நம்பிக் காத்திருப்பது பேதைமை. 1952இல் கொழும்பில் சத்தியாக்கிரகம் இருந்தவர்களும், அதற்குப் பின்னான அரை நூற்றாண்டில் கூட்டம் கூட்டியும் வேலை நிறுத்தியும் நின்றவர்களும் இதை அறிந்திருந்தார்கள். 1964 ஒக்டோபரில் சிறிமாவோவும் சாஸ்திரியும் இவர்களைக் கேளாமலே 5,25,000 பேர் அங்கே, 3,00,000 பேர் இங்கே என்று பங்கிட்டார்கள். எண்பதுகளிலும் 2003இலும் வந்த சட்டங்களால்தான் எஞ்சியோருக்குப் பிரசாவுரிமை வந்தது. அந்தச் சட்டங்களை வரவழைத்தது வழக்குத் தீர்ப்பு அன்று. ஆனாலும் எழுத்தாணையைப் பூர்ஷ்வாக் கேலிக்கூத்து என்று ஒதுக்கும் தோழர்களோடு எனக்கு உடன்பாடில்லை. முள்ளைச் சரிபார்க்கும் உரிமையை இழந்தவன் படிக்கல்லைப் பற்றிப் பேச வாயே திறக்கமுடியாது.

என் மாணவியின் விஷயத்தில் பிணைப்பு என்பதன் பொருள் என்ன? அவள் குடும்பம் வாழும் நிலம் அரசாங்கத்துக்குச் சொந்தம். நிர்வாகம் 1992 முதல் கம்பனியின் கையில். லயத்துக்கு இலக்கம் உண்டு. அவள் வீட்டுக்குத் தனி விலாசம் இல்லை. தபால் தோட்டக் காரியாலயத்துக்கு வந்து, யார் கையிலோ கிடந்து, பிறகு வரும். தகப்பனின் வங்கிக் கணக்கில் இருப்பது அவள் படிப்புக்காகப் பலரிடம் திரட்டி இரண்டு மாதம் நிறுத்திவைத்த பணம்; அதிகாரி அதைக் கண்டுபிடித்துவிட்டார், கெட்டிக்காரர். மலைச்சரிவில் நான்கு தலைமுறையின் புதைகுழிகள் இருக்கின்றன. 2023இல், வந்து இருநூறு ஆண்டு நிறைந்ததை நினைத்துத் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மக்கள் நடந்தபோது அவளும் ஒரு நாள் நடந்தாள். அதைக் குறிக்க விண்ணப்பப் படிவத்தில் கட்டம் இல்லை.

நேரே ஒரு கேள்வியும் கேட்கலாம்: அவள் திரும்பாமலே இருந்துவிட்டால்தான் என்ன? துரைமார் தங்கள் பிள்ளைகளை இங்கிலாந்துக்கு அனுப்பியபோதும், கொழும்புச் செல்வர்கள் அனுப்புகிறபோதும், போன பிள்ளை அங்கேயே தங்கினால் அதை முன்னேற்றம் என்கிறோம். தோட்டத்துப் பெண் தங்கிவிடக்கூடும் என்ற ஐயமே அவளைக் குற்றவாளியாக்குகிறது. அவள் திரும்பவே விரும்புகிறாள் என்பது எனக்குத் தெரியும். தோட்டத்துச் சிறுவருக்கு விஞ்ஞானம் கற்பிக்கும் ஆசிரியர் எவ்வளவு குறைவு என்பதை அவள் மாணவியாக இருந்து அனுபவித்தவள். ஆனால் அவளுடைய நியாயம் அந்த விருப்பத்தில் தொங்கிக்கொண்டிருக்கக் கூடாது.

மறுபடி விண்ணப்பிக்கப் போகிறாளாம். பல்கலைக்கழகம் இடத்தை அடுத்த தவணை வரை வைத்திருக்கச் சம்மதித்திருக்கிறது. கட்டணத்தை இன்னொரு முறை கட்டவேண்டும்; தாய் மாதச் சீட்டை முன்கூட்டியே எடுக்கக் கேட்டிருக்கிறாள். 'சேர், நான் திரும்பி வருவேன் என்று ஒரு கடிதம் எழுதித் தாருங்கள்' என்றாள். எழுத உட்கார்ந்தேன். பெட்டியிலிருந்த பழைய காகிதக் கட்டில் பூட்டனாருக்காக அக்காலத்துத் தோட்டப் பாடசாலை ஆசிரியர் ஒருவர் எழுதிக் கொடுத்த அத்தாட்சியின் நகலும் இருந்தது. அவர் இந்நாட்டை விட்டுப் போகமாட்டார் என்று தமக்கு நன்றாகத் தெரியும் என அவர் எழுதியிருந்தார். கையெழுத்து மிக அழகானது. கீழே திகதி, தோட்டத்தின் பெயர், பதவி. நானும் அதே ஒழுங்கில் எழுதினேன்.